மூன்று அங்குலம் என்றால் எங்கிருந்து எங்கே? பொக்கற் கத்தி அளவு பற்றி

2 பெப்ரவரி 2025

"அலகு மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் இங்கிலாந்தில் எந்தக் கத்தியையும் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரியலாம்." எங்கள் ஆட்களிடம் இந்தக் கதை நன்றாகப் பரவிக் கிடக்கிறது. வேலைத்தளத்தில் கேட்டேன், கோயில் அன்னதான வரிசையிலும் கேட்டேன். இதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நம்பினால் ஒன்றும் அறியாத பெடியன் பொலிஸ் நிலையத்தில் போய் நிற்பான்.

1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு. அலகுள்ள எதையும், கூர்முனை உள்ள எதையும் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்றுதான் அது தொடங்குகிறது. பிறகு ஒரே ஒரு பொருளை விட்டுவைக்கிறது: மடக்கும் பொக்கற் கத்தி. அதிலும் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டினால் அந்தச் சலுகையும் போய்விடும். ஆக முதலில் பார்க்க வேண்டியது அது மடக்குக் கத்தியா என்பதை. நீளம் அதற்குப் பிறகு. ஊரில் எல்லோருக்கும் இரண்டாவது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். நீங்கள் எப்படி அளக்கிறீர்கள்? ஒரே கத்தியை மூன்று பேர் அளந்து மூன்று எண் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் அடிமட்டத்தைச் சரியாகத்தான் பிடித்தார்கள்.

2 பெப்ரவரி 2025, இரவு

இதைக் கிளப்பியதற்குக் காரணம் உண்டு. பாரிஸ் லா சப்பலில் இருக்கும் எங்கள் சித்தப்பா அக்கா மகனுக்கு ஒரு ஒபினெல் கத்தி பரிசாகக் கொண்டுவந்தார். ஆறாம் நம்பர். மரப்பிடி, வடிவான சாமான். அலகு 7 சென்ரிமீற்றர். மூன்று அங்குலம் என்பது 7.62 சென்ரிமீற்றர், ஆகவே பிரச்சினை இல்லை என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்.

பிரச்சினை இருக்கிறது. பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கத்தியை விரித்து அந்த வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 1955இல் மார்செல் ஒபினெல் கண்டுபிடித்த பூட்டு அது. விரல் வெட்டுப்படாமல் காக்கிற நல்ல வேலைப்பாடு. ஆனால் பூட்டுகிற கத்தியை இங்கே சட்டம் மடக்கும் பொக்கற் கத்தியாக எடுத்துக்கொள்வதில்லை. 1993இல் ஹாரிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: எந்த நேரத்திலும் மடக்கினால் மடங்க வேண்டும். மடக்குவதற்கு முன் பொத்தானை அமுக்கவோ எதையாவது விடுவிக்கவோ வேண்டியிருந்தால் சலுகை இல்லை. 1998இல் டீகன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அதற்குப் பிறகு அலகு ஓர் அங்குலம் இருந்தாலும் ஒன்றுதான், ஐந்து அங்குலம் இருந்தாலும் ஒன்றுதான்.

4 பெப்ரவரி 2025

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, வளையத்தைத் திருப்பாமல் விட்டால் அது பூட்டாத கத்திதானே?"

நல்ல கேள்வி, நானும் யோசித்துப் பார்த்தேன். தெருவில் நின்று ஒரு பொலிஸ்காரருக்கு அந்த விளக்கத்தைச் சொல்லும் நிலைமையில் இருக்க நான் விரும்பமாட்டேன். அவர் கையில் எடுத்து வளையத்தைத் திருப்புவார், அது பூட்டும். அதோடு உங்கள் வாதம் நின்றுவிடும். பூட்டக்கூடிய கத்தி என்றாலே காரணமில்லாமல் வெளியே கொண்டுபோகாதீர்கள்.

ஒபினெல்தான் வேண்டும் என்றால் 2 முதல் 5 வரையான நம்பர்களில் இந்த வளையமே கிடையாது. ஐந்தாம் நம்பரின் அலகு 6 சென்ரிமீற்றர். ஓர் அப்பிள் வெட்ட அது தாராளம்.

5 பெப்ரவரி 2025

லெதர்மன் பல்கருவி வைத்திருப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும். வேவ் போன்ற பெரிய மாதிரிகளில் அலகு விரித்ததும் பூட்டிவிடும். குறடு, திருப்புளி, அரம் என்று எல்லாம் ஒன்றாக இருப்பதால் "இது ஆயுதம் இல்லை, கருவி" என்று நினைக்கிறோம். சட்டம் பார்ப்பது அலகையும் பூட்டையும்தான்.

8 பெப்ரவரி 2025

சரி, இப்போது அளவு விசயத்துக்கு வருவோம். கையில் இருப்பது பூட்டாத மடக்குக் கத்தி என்று வைத்துக்கொள்வோம்.

நான் வைத்திருப்பது விக்டோரினொக்ஸின் சாதாரண சிவப்புக் கத்தி, மூடியிருக்கும்போது 91 மில்லிமீற்றர் நீளம் உள்ளது. பெரிய அலகை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் எல்லாம் தெரியும். பிடி முடிகிற இடத்தில் அலகு உடனே கூராகத் தொடங்காது. முதலில் தட்டையாக, தீட்டாத ஒரு சின்னத் துண்டு. நிறுவனத்தின் பெயரைப் பொறித்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். அதைத் தாண்டித்தான் சாணை பிடித்த மெல்லிய வெள்ளைக் கோடு தொடங்கி நுனிவரை ஓடுகிறது.

பிடியிலிருந்து நுனிவரை அளந்தால் கிட்டத்தட்ட 7 சென்ரிமீற்றர். வெள்ளைக் கோட்டை மட்டும் அளந்தால் 6 சென்ரிமீற்றரும் சொச்சமும். இடையில் இருக்கும் வித்தியாசம்தான் எல்லாச் சண்டைக்கும் காரணம். என் கத்தியில் எப்படி அளந்தாலும் எல்லைக்குள் நிற்கிறது, ஆகவே கவலையில்லை. ஆனால் கடையில் "3.1 அங்குல அலகு" என்று போட்டு விற்கிற பூட்டாத கத்தியை எடுங்கள். தீட்டிய விளிம்பு 2.9 அங்குலமாக இருக்கலாம். 139ஆம் பிரிவு சொல்வது வெட்டும் விளிம்பை. அலகின் முழு நீளத்தை அது கேட்கவில்லை. எழுத்துப்படி பார்த்தால் அந்தக் கத்தி சரி.

9 பெப்ரவரி 2025

அளக்கும் கருவி பற்றியும் சொல்ல வேண்டும். மின்வேலை செய்கிற எனக்கு அளப்பது தினசரிப் பிழைப்பு.

உலோக அளவு நாடாவால் கத்தியை அளக்காதீர்கள். அதன் நுனியில் இருக்கிற கொக்கி கொஞ்சம் ஆடும். சிலர் அது பழுது என்று நினைத்து ஆணி அடித்து இறுக்குகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கொக்கியின் தடிப்பளவுக்கு அது வேண்டுமென்றேதான் ஆடவிடப்பட்டிருக்கிறது. உள்ளே வைத்து அழுத்தினாலும் வெளியே கொளுவி இழுத்தாலும் ஒரே அளவு வருவதற்காக. அறை அளக்க அருமையான ஏற்பாடு. ஒரு மில்லிமீற்றரில் சட்டம் மாறுகிற இடத்துக்கு ஏற்றதல்ல.

பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் அடிமட்டம் என்றால் பூச்சியத்துக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். 1 என்ற கோட்டிலிருந்து தொடங்கி அளந்து, கடைசியில் ஒன்றைக் கழியுங்கள். உருக்கு அடிமட்டம் என்றால் ஓரத்திலிருந்தே பூச்சியம்.

வழி இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் கத்தியைப் பக்கவாட்டாகப் படுக்கவையுங்கள். கூர்மை தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, நுனியில் ஒரு புள்ளி. விளிம்பின் வளைவையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். கத்தியை மடக்கி ஒருபுறம் வைத்துவிட்டு ஆறுதலாக அளக்கலாம். விளிம்பின் மேலே நூலைப் பிடித்து அளக்க முயன்று விரலை வெட்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும், ஆகவே தாள்தான் நல்லது.

10 பெப்ரவரி 2025

வளைவு பற்றி நேற்றுச் சொல்லாமல் விட்டதைக் கேட்டிருக்கிறார்கள். புள்ளிக்குப் புள்ளி நேர்கோட்டிலா, அல்லது வளைவோடு போயா?

1988 சட்டத்தில் அதற்கு விடை இல்லை. வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. வயிறு தள்ளிய அலகு என்றால் வளைவோடு அளக்கும்போது இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடும். தாளில் வரைந்த கோட்டின் மேல் ஒரு நூலைப் பதித்துப் பாருங்கள், தெரியும்.

இதே நாட்டில் இன்னொரு இடத்தில் அளக்கும் முறையை வடிவாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம். அலகு 50 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள வளைந்த வாள்களை 2008இல் தடை செய்தபோது, நீளம் என்பது பிடியின் மேற்பகுதியிலிருந்து நுனிவரை நேர்கோட்டுத் தூரம் என்று ஆணையிலேயே போட்டார்கள். வாளுக்கு அப்படி ஒரு வரி எழுத முடிந்தால், இலட்சக்கணக்கானோர் பொக்கற்றில் இருக்கிற பேனாக்கத்திக்கும் எழுதியிருக்கலாம். வாள் வைத்திருப்பவர் எத்தனை பேர்? பேனாக்கத்தி வைத்திருப்பவர் எத்தனை பேர்?

11 பெப்ரவரி 2025

மூன்று அங்குலத்தை 8 சென்ரிமீற்றர் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து திருத்துங்கள். 76.2 மில்லிமீற்றர். எட்டு என்றால் கிட்டத்தட்ட நான்கு மில்லிமீற்றர் கூடுதல்.

2 மார்ச் 2025

எட்டாம் திகதி எழுதியதை மறுபடி யோசித்தேன். 3.1 அங்குல அலகு, 2.9 அங்குல விளிம்பு என்றால் எழுத்துப்படி சரி என்றேன். எழுத்துப்படி இன்றும் அதுதான். ஆனால் என் மகன் அப்படி ஒரு கத்தியைக் கொண்டுபோகக் கேட்டால் விடமாட்டேன்.

இரவு பத்து மணி, ரயில் நிலைய வாசல், சோதனை. அந்த அதிகாரி பிடியிலிருந்து நுனிவரை ஒரு பார்வை பார்ப்பார், மூன்றைத் தாண்டியது போலத் தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்ற விவாதம் பிறகு வழக்கறிஞரின் அறையில் நடக்கும். கடைசியில் நீங்கள் வெல்லலாம். அதற்கிடையில் கைரேகை, வேலைக்கான பின்னணிச் சோதனை, வீட்டில் அம்மாவின் நித்திரை என்று எல்லாம் போய்விடும். இதற்கு அதிகபட்சத் தண்டனை நான்கு வருடச் சிறை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே என் கணக்கு: பிடி முடிகிற இடத்திலிருந்து நுனிவரை, வளைவையும் சேர்த்து, எப்படி அளந்தாலும் 70 மில்லிமீற்றருக்குள் நிற்கும் கத்தியை வாங்குங்கள். விளிம்பை மட்டும் அளந்து தப்பிக்கிற வித்தை வேண்டாம். ஸ்பைடர்கோ போன்ற நிறுவனங்கள் இந்த நாட்டுச் சட்டத்துக்கென்றே பூட்டில்லாத மாதிரி ஒன்றைச் செய்கின்றன, அலகு மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல கத்திதான். எனக்கு அந்த 'சற்று' போதாது.

3 மார்ச் 2025

"வேலைக்காரருக்கு என்ன செய்வது?" என்று கேட்டவருக்கு.

என் பையில் ஒரு ஸ்டான்லி கத்தி எப்போதும் இருக்கும். வெளியே நீட்டும் அலகு ஒரு பெருவிரல் அகலம்தான் வரும். ஆனால் அது மடக்குக் கத்தி இல்லை, உள்ளே இழுத்துக்கொள்ளும் கத்தி. ஆகவே மூன்று அங்குலச் சலுகை அதற்குக் கிடையாது. அதை நான் கொண்டுபோக முடிவது 'நல்ல காரணம்' இருப்பதால். வேலைக்குத் தேவை என்பதைச் சட்டமே காரணமாக ஏற்கிறது. மதக் காரணமும் தேசிய உடையின் பகுதி என்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் கொண்டுபோகிறவர்தான்.

வேலை முடிந்தால் கருவிகள் பெட்டியில், பெட்டி வான் வண்டியில், நான் வீட்டில். வேலை உடுப்போடு கடைக்குப் போகும்போது கால்சட்டைப் பொக்கற்றில் அது இருக்கக் கூடாது. சனிக்கிழமை இரவு கலியாண வீட்டுக்குப் போகும்போது "வெள்ளிக்கிழமை வேலைக்கு எடுத்தது, மறந்துபோனேன்" என்றால் எடுபடாது. மறதி மட்டும் நல்ல காரணம் ஆகாது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. தெருவில் நிற்கிற காரும் பொது இடத்தில்தான் நிற்கிறது.

திருப்புளி பற்றிப் பயப்பட வேண்டாம். 1998இல் ஒரு வழக்கில் திருப்புளி அலகுள்ள பொருள் அல்ல என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2005இல் இன்னொரு வழக்கில், கூர்மையும் இல்லாத முனையும் இல்லாத வெண்ணெய்க் கத்தியை அலகுள்ள பொருள் என்றே எடுத்துக்கொண்டார்கள். வெட்டுமா வெட்டாதா என்பது கேள்வி இல்லை, அலகு இருக்கிறதா என்பதுதான். சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெங்காயக் கத்தியை எப்படி அளந்தாலும் பயனில்லை, அது மடங்காது. சீலையில் சுற்றிப் பெட்டியில் போட்டு, வேலைக்கு நேரே போய் நேரே வாருங்கள்.

3 மார்ச் 2025, பின்னேரம்

ஒன்றைத் தனியாக எழுத வேண்டும். யாராவது "ஏன் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால் "பாதுகாப்புக்கு" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். 1953ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் வேறு. ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் எந்தப் பொருளும் தாக்கும் ஆயுதம்தான். அங்கே அங்குலக் கணக்கே இல்லை. இரண்டு அங்குலப் பேனாக்கத்தியும் அந்த ஒரு வார்த்தையால் ஆயுதமாகிவிடும். பிள்ளைகளோடு கதையுங்கள். பாதுகாப்புக்கென்று கத்தி எடுக்க வேண்டிய பயம் அவர்களுக்கு இருந்தால், அளக்க வேண்டியது கத்தியை அல்ல, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

19 ஏப்ரல் 2025

விடுமுறைக்கு இந்தியா போகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அங்கே கணக்கு வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை அதில் சேராது. ஆகவே அங்கே அகலத்தையும் அளக்க வேண்டும்.

டெல்லி இன்னும் இறுக்கம். பொத்தானை அமுக்கினால் அல்லது வேறு விசையால் திறந்து மூடும் கத்திகளுக்கு 1980இல் ஓர் அறிவிப்பு வந்தது: நீளம் 7.62 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ, அகலம் 1.72 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ. அந்த 7.62 நம் மூன்று அங்குலமேதான். அங்கே கத்தியைப் பிடித்ததும் தாளில் வைத்து வரைந்து, அலகு எவ்வளவு, பிடி எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று எழுதிக் கோப்பில் சேர்ப்பது பொலிஸ் வழக்கம். நான் பெப்ரவரியில் சொன்ன தாள் முறை அங்கே சாட்சியமாகவே போகிறது.

சீக்கியர்கள் மதத்துக்காக அணியும் கிர்பான் என்ற குத்துவாளுக்கு விமானத்தில் தனி அளவு. 2022 மார்ச் உத்தரவுப்படி அலகு 6 அங்குலம், பிடியோடு மொத்தம் 9 அங்குலம், உள்நாட்டு விமானத்தில் மட்டும். எதை எங்கிருந்து அளப்பது என்று இரண்டு எண்ணையும் தந்திருப்பதை மெச்சத்தான் வேண்டும்.

20 ஏப்ரல் 2025

ஜப்பான் போகிறவருக்குச் சுருக்கமாக: பொக்கற் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகை நியாயமான காரணமின்றிக் கொண்டுசெல்ல முடியாது. மடக்குக் கத்திக்கு 8 சென்ரிமீற்றர் வரை விலக்கு உண்டு, ஆனால் அகலம் 1.5, தடிப்பு 0.25 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும், பூட்டும் இருக்கக் கூடாது. அதைவிடச் சின்னதை மறைத்து வைத்திருந்தாலும் சிறு குற்றங்களுக்கான சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் மாறும். சிக்காகோவில் இரண்டரை அங்குலம், நியூயோர்க் நகரில் நான்கு, டெக்சாசில் சில இடங்களில் மட்டும் ஐந்தரை. அங்கே கத்தி செய்வோரின் சங்கம் அளக்கும் முறை ஒன்றை எழுதி வெளியிட்டிருக்கிறது: நுனியிலிருந்து பிடியின் முன்விளிம்பு வரை நேர்கோடு. தீட்டாத துண்டும் கணக்கில் வரும். நான் மார்ச்சில் சொன்ன கணக்கு ஏறத்தாழ இதேதான்.

3 ஓகஸ்ட் 2025

முந்தாநாள் முதல் நிஞ்ஜா வாள் தடை நடைமுறைக்கு வந்திருக்கிறது: 14 முதல் 24 அங்குல அலகு. போன செப்டெம்பரில் சொம்பி கத்தி எனப்படும் பயமுறுத்தும் பெரிய கத்திகளுக்குத் தடை வந்தபோது 8 அங்குலத்துக்கு மேல் என்று எழுதினார்கள். இவை வீட்டில் வைத்திருப்பதற்கே தடை. இரண்டையும் மூன்று அங்குலத்தோடு போட்டுக் குழப்புகிறார்கள். "எட்டு அங்குலத்துக்குக் கீழே என்றால் இப்போது கொண்டு திரியலாமாம்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன். இல்லை. தெருவுக்கு 1988இன் கணக்கு அப்படியே இருக்கிறது.

9 ஓகஸ்ட் 2025

அப்பாவின் பழைய பூட்டாத கத்தி, விளிம்பு 80 மில்லிமீற்றர், தேய்த்துக் குறைக்கலாமா என்று கேட்ட அண்ணைக்கு.

குறைக்கலாம். பிடிப்பக்கத்துக் கூரை மழுக்கிக் குறைக்காதீர்கள், மழுக்கிய இடம் விளிம்பா இல்லையா என்ற கேள்வி புதிதாகக் கிளம்பும். நுனிப்பக்கம் தேயுங்கள். அலகின் முதுகிலிருந்து நுனியை நோக்கிச் சரித்துக்கொண்டு வந்தால் வடிவும் கெடாது. மின்சாணைக்கல் என்றால் இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோயுங்கள். உருக்கு நீலமாகும்வரை சூடேறினால் பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பொறுமை இருந்தால் கையால் கல்லில் தேய்ப்பதே நல்லது. முடித்ததும் மடக்கி, நுனி பிடிக்குள் முழுதாக அடங்குகிறதா என்று விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முதுகை அதிகம் தேய்த்தால் சில கத்திகளில் நுனி மேலே எட்டிப் பார்க்கும்.

70க்குள் கொண்டுவந்ததும் தாளில் வைத்து வரைந்த படத்தை இங்கே போடுங்கள், நானும் அளந்து பார்க்கிறேன்.